எழுதாத சட்டமும் பிலிகுண்டுலு அளவுகோலும்

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீ தண்ணி சம்பந்தமான வேலையிலதானே இருக்கே, காவிரியைப் பத்திப் பேசு. அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார். காவிரியிலிருந்து அரசியலை எடுத்துவிடச் சொல்வது, கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து புளியை எடுத்துவிடச் சொல்வது போல. இருந்தாலும் ஒரு வழி தோன்றியது. சட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நாடுகளுக்கு மேலே நிற்கும் சட்டத்தில் பொதுவான சட்டக் கோட்பாடுகளுக்கு என்ன வேலை என்பதுதான் தலைப்பு. பெயரைக் கேட்டதும் யாரும் கேன்டீன் பக்கம் எழுந்து போக வேண்டாம். பத்தே நிமிடத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிடுவேன்.

முதலில் ஒரு விஷயம். நான் வக்கீல் அல்ல. 2010இல் இங்கே சிவில் முடித்தவன். பெங்களூரில் நீர்வள ஆலோசனை வேலை. ஒரு வேலைக்காக காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கையை, ஐந்து தொகுதிகளையும், படிக்க வேண்டி வந்தது. நீரியல் கணக்குக்காகத்தான் கையில் எடுத்தேன். ஆனால் என்னை உட்கார வைத்தது அதிலிருந்த சட்டப் பகுதிதான். நம் கையேட்டில் எங்கேயும் இல்லாத ஒரு கேள்வி அதில் இருந்தது. விதியே எழுதப்படாத இடத்தில் நீதிபதி எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்?

அண்ணன் தம்பிக்கு வரப்புத் தகராறு என்றால் முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாம். இருவரும் ஒரே சட்டத்துக்குக் கீழே இருப்பவர்கள். சட்டம் செய்கிற அதிகாரம் உள்ள இரண்டு அரசுகளுக்கே தகராறு என்றால்? "என் சட்டம் இப்படிச் சொல்கிறது" என்பார் ஒருவர். "என் சட்டம் அப்படிச் சொல்கிறது" என்பார் மற்றவர். இரண்டுக்கும் மேலே ஒன்று வேண்டும். அந்த மேலே உள்ளதை உருவாக்கும்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்க முடிவதில்லை. ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அடைக்கிற சிமென்ட்தான் பொதுக் கோட்பாடுகள்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1951இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பொதுவான ஓர் அமைப்பை உண்டாக்கின. இன்றைய ஐரோப்பிய யூனியனுக்கு அதுதான் அஸ்திவாரம். அதற்கென்று லக்சம்பர்க்கில் ஒரு நீதிமன்றம். 1957இல் அங்கே ஒரு வழக்கு வந்தது. அல்ஜெரா வழக்கு என்று பெயர். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, சில ஊழியர்களின் வேலை விவகாரம். ஒருவருக்கு உரிமை கொடுத்து உத்தரவு போட்டுவிட்டு, பிறகு அதை வாபஸ் வாங்கலாமா? ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு வரிகூட இல்லை. "சட்டம் இல்லை, வீட்டுக்குப் போ" என்று நீதிபதி சொல்ல முடியாது. சொன்னால் நீதி மறுத்ததாகும். ஆகவே ஆறு நாடுகளின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவற்றில் பொதுவாக ஓடுகிற நூல் எது என்று கண்டுபிடித்து, அதை வைத்துத் தீர்த்தார்கள். 1970இல் இன்னொரு வழக்கில், மனிதனின் அடிப்படை உரிமைகளே அப்படிப்பட்ட பொதுக் கோட்பாடுதான் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

இதற்கும் முன்னால், 1920இல் உலக நீதிமன்றத்துக்குச் சட்டவிதி எழுதியவர்கள், நீதிபதிகள் எதை எதைப் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். ஒப்பந்தம், வழக்கம், மூன்றாவதாக நாகரிக நாடுகள் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகள். அந்த 'நாகரிக நாடுகள்' பட்டியலில் அடிமை இந்தியாவுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வார்த்தை கசந்தாலும் சரக்கு நல்ல சரக்கு.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

இந்தியா ஒரே நாடு, இங்கே எங்கே நாடுகளுக்கு மேற்பட்ட சட்டம் என்று கேட்பீர்கள். காவிரி விவகாரம் தொடங்கிய காலத்தைப் பாருங்கள். 1892இல் கையெழுத்தான ஒப்பந்தம் பிரிட்டிஷ் சென்னை அரசுக்கும் மைசூர் மகாராஜாவின் அரசுக்கும் இடையிலானது. கிட்டத்தட்ட இரு நாட்டு ஒப்பந்தம். சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டக் கூடாது. அதே சமயம் சென்னையும் இஷ்டத்துக்குச் சம்மதத்தை மறுக்க முடியாது. நீண்டநாள் அனுபோகத்தால் ஏற்கெனவே கிடைத்து, உண்மையில் நடப்பில் இருக்கிற பாத்தியதையைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே மறுக்கலாம். இந்த அனுபோக பாத்தியதை யாரும் சட்டசபையில் இயற்றிக் கொண்டுவந்ததல்ல. நம்ம கிராமத்தில் பாதைத் தகராறு வந்தால் பெரியவர்கள் "எத்தனை தலைமுறையா போய்ட்டு இருக்கான்?" என்று கேட்பார்களே, அதே கேள்விதான்.

பிறகு மைசூர் கண்ணம்பாடியில் அணை கட்டக் கிளம்பியது. அப்போது அங்கே தலைமைப் பொறியாளர் யார் என்று சிவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விஸ்வேஸ்வரய்யா. தகராறு நடுவரிடம் போனது. 1914இல் கிரிஃபின் தீர்ப்பு வந்தது. சென்னை மேல்முறையீடு செய்தது. இழுத்துப் பறித்து 1924 பிப்ரவரி 18இல் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். அதில்தான் கிருஷ்ணராஜ சாகரும் வந்தது, 1934இல் முடிந்த நம் மேட்டூர் அணையும் வந்தது. ஐம்பது ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்று அதிலேயே ஒரு ஷரத்து. 1974க்குப் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பேப்பரில் படித்துத்தான் வளர்ந்தீர்கள்.

சுதந்திர இந்தியாவில் எழுத்துச் சட்டம் என்ன இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 262ஆவது பிரிவு, 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான தண்ணீர்த் தகராறு சட்டம். நான் இரண்டையும் இன்ஜினீயர் கண்ணோடு படித்தேன். யார் புகார் கொடுக்கலாம், யார் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும், எத்தனை நீதிபதிகள் என்பதெல்லாம் உண்டு. தண்ணீரை எந்த அடிப்படையில் பங்கு போட வேண்டும்? அது ஒரு வரிகூடக் கிடையாது! லக்சம்பர்க்கில் இருந்த அதே ஓட்டை. டெல்லியிலும் அதே சிமென்ட்தான் தேவைப்பட்டது.

சிமென்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1895இல் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஹார்மன், ரியோ கிராண்டே ஆற்று நீர் விஷயத்தில் மெக்சிகோவுக்குச் சொன்ன பதில், சுருக்கமாக, "என் நிலத்தில் ஓடுகிற தண்ணீர், என் இஷ்டம்." நம் ஊர்த் தலைமடைக்காரர் பேச்சு போலவே இருக்கிறதா? ஆனால் அந்த அமெரிக்காவே 1906இல் மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி தர ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே கான்சாஸ் மாநிலம் கொலராடோ மீது போட்ட வழக்கில், இரு மாநிலமும் சமம், ஒன்று மற்றொன்றின் மேல் தன் சட்டத்தைத் திணிக்க முடியாது, ஆற்றின் பலனை நியாயமாகப் பகிர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1966இல் உலகச் சட்ட அறிஞர்களின் சங்கம் ஒன்று ஹெல்சிங்கி நகரில் கூடி இதையே விதிகளாகத் தொகுத்தது. எந்த அரசாங்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அல்ல அது. படித்த மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய காகிதம், அவ்வளவுதான். அந்தக் காகிதத்தைத்தான் நம் நடுவர் மன்றமும், 2018இல் உச்ச நீதிமன்றமும், லால்குடிக்கும் மண்டியாவுக்கும் தண்ணீர் பிரிக்கும்போது கையில் எடுத்தன.

எழுதாத கோட்பாடுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 1991ஐ விட நல்ல உதாரணம் இல்லை. 1990 ஜூன் 2இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25இல் இடைக்கால உத்தரவு. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வந்து சேர வேண்டும். ஒரு மாதத்துக்குள், ஜூலை 25இல், கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் போட்டது. தன் மாநில விவசாயிகளின் பாசனத்தைக் காக்கத் தேவையான தண்ணீரை எடுத்துக்கொள்வோம், எந்த நடுவர் மன்ற உத்தரவும் தடை செய்யாது என்பது அதன் சாரம். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22இல் பதில் வந்தது. அவசரச் சட்டம் செல்லாது. காரணங்களில் ஒன்று 262ஆவது பிரிவு. அது எழுதப்பட்டது. இன்னொன்று, தன் வழக்குக்குத் தானே யாரும் நீதிபதி ஆக முடியாது என்பது. இந்த வாக்கியத்தை அரசியல் சட்டத்தில் எந்தப் பிரிவில் தேடினாலும் இதே வடிவத்தில் கிடைக்காது. ரோமானியர் காலத்திலிருந்து வருகிற கோட்பாடு. நம் பஞ்சாயத்துகளிலும் "இவன் சம்பந்தப்பட்டவன், தள்ளி உட்காரச் சொல்லு" என்பார்கள்.

இது நமக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு, அதனால் கைதட்டத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அதே கோட்பாடு 2014 மே 7இல் கேரளத்தின் முல்லைப் பெரியாறு சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2016 நவம்பர் 10இல் பஞ்சாப் மாநிலம் தன் நதிநீர் ஒப்பந்தங்களைத் தானே ரத்து செய்துகொண்ட சட்டத்தையும் செல்லாது என்றது. நாளைக்குத் தமிழ்நாடு அப்படி ஒன்று செய்தால் நம்மையும் இதே கம்பால்தான் அடிக்கும். நாமும் ஓர் ஊருக்குத் தலைமடைதான். காரைக்காலுக்குத் தண்ணீர் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். 2007 தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் ஒருவரும் மேடையில் பேசுவதில்லை.

நான் இதையெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் இந்த வழக்கில் இரண்டு பக்கமும் இருக்கிறவன். என் பெரியப்பா லால்குடி பக்கம் நெல்லும் வாழையும் போடுகிறார். நான் பெங்களூரில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி. இந்த மண்டபத்தில் சட்டையில் மாட்டியிருக்கும் பேட்ஜ்களைப் பார்த்தால் பாதிப் பேர் என் கதைதான். 2016 செப்டம்பர் 12 பெங்களூரில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அலுவலகம் மத்தியானமே மூடிவிட்டது. தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தன, பல பகுதிகளில் ஊரடங்கு. என் கார் டி.என். நம்பர். கீழ் வீட்டுக் கன்னடக்காரர் நான் கேட்காமலே தன் கார் உறையைக் கொண்டுவந்து என் கார் மேல் போர்த்தி, நம்பர் பிளேட் தெரியாமல் கயிறு கட்டினார். "தண்ணி டெல்லியில தீரட்டும் சார், நீங்க மேல போங்க" என்றார். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், இரு அரசுக்கும் மேலே ஒரு மன்றம் எதற்கு என்பது எனக்கு ஹெல்சிங்கி விதியைவிட அன்றைக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். 2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பு காவிரியில் மொத்தம் 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதியில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4. கர்நாடகம் எல்லையில் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 192. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் 465 பக்கத் தீர்ப்பில் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. அதில் 10 டி.எம்.சி. நம் டெல்டாவின் நிலத்தடி நீருக்காக. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்காக.

இந்த 4.75 பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. பெங்களூர் ஒரு மேட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் பெய்யும் மழை அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு. மறு பக்கம் பெய்வது தென்பெண்ணைக்கு. நான் குடியிருக்கும் ஒயிட்ஃபீல்ட் தென்பெண்ணைப் பக்கம். நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது, தேவையில் பாதியை நிலத்தடி நீரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடுவர் மன்றம் கணக்குப் போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடிநீர்த் தேவைக்கு முதலிடம் என்றது. தாகத்துக்குப் படுகை எல்லை கிடையாது. இதில் எனக்கு முழு உடன்பாடு, சொந்தக் குழாய் சம்பந்தப்பட்டது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த 10 டி.எம்.சி.யில்தான் எனக்கு உடன்பாடில்லை. கோட்பாடு என்னவோ சரிதான். ஹெல்சிங்கி விதி சொல்லும் பதினோரு அம்சங்களில் ஒன்று, வேறு நீர் ஆதாரம் இருக்கிறதா என்பது. டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாக ஆவணங்கள் சொல்கின்றன, அதில் பாதியைக் கணக்கில் சேர்க்கலாம் என்றது நீதிமன்றம். என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஏண்டா தம்பி, வாய்க்கால்ல தண்ணி வந்தா பில்டர் பாயின்ட்ல தண்ணி வருது. வாய்க்கால் காஞ்சா அதுவும் காத்துதான் இழுக்குது. அது தனித் தண்ணியா?" என்றார். மூன்று வருஷம் நான் மாடல் போட்டுக் கண்டுபிடித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். டெல்டாவின் நிலத்தடி நீரில் பெரும்பகுதி வாய்க்காலும் வயலும் கசிந்து ஊட்டுவது. அதை 'வேறு ஆதாரம்' என்று தனியாக எண்ணினால், ஒரே ரூபாயை இரண்டு பாக்கெட்டில் எண்ணியது போல. கோட்பாட்டில் பிழை இல்லை. அதை எண்ணாக மாற்றிய இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். பதினோரு அம்சங்களுக்கும் எவ்வளவு வெயிட்டேஜ் என்று அந்தக் காகிதத்தில் போடவில்லை. நம்ம பல்கலைக்கழகத்தில் அப்படிக் கேள்வித்தாள் வந்திருந்தால் ஸ்டிரைக் பண்ணியிருப்போம்!

கர்நாடகத்தின் ஒரு வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1892, 1924 ஒப்பந்தங்கள் வெள்ளைக்காரன் கை ஓங்கியிருந்த காலத்தில், சமமில்லாத பேரத்தில் வந்தவை என்றார்கள். வலுவான வாதம். சமமில்லாதவர்களின் ஒப்பந்தம் செல்லுமா என்பதும் ஒரு பொதுக் கோட்பாடுதானே. நீதிமன்றம் இரண்டையும் எடை போட்டு, அவை மனசாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்தங்கள் அல்ல, ஆனால் 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டில் காலாவதியாகிவிட்டது என்றது. அதாவது போட்ட கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது எந்நாளைக்கும் அல்ல. கூடவே, இந்த ஆறு எந்த மாநிலத்துக்கும் சொத்து அல்ல என்றது. நம் பக்கத்து மேடைகளில் 'நம் காவிரி' என்று பேசும்போது இந்தக் கடைசி வரி நம்மையும் குறிக்கிறது என்பது பெரும்பாலும் மறந்துபோகிறது.

740 டி.எம்.சி. என்று சொன்னேனே, அது சராசரி அல்ல. ஐம்பது சதவீத நம்பகத்தன்மையில் வந்த எண். அதாவது ஓர் ஆண்டு அதற்கு மேல் வரவும் கீழே போகவும் ஏறக்குறைய சம வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவது போல. சுண்டிப் பூ விழுந்த ஆண்டில் என்ன செய்வது? எல்லோருக்கும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. கேட்க நியாயம். பற்றாக்குறை ஆண்டு என்று எப்போது தெரியும்? ஜூனில் தெரியாது. ஜூலையில் கணிக்கலாம். ஆகஸ்டில் சண்டை தொடங்கிவிடும். 2012, 2016, 2023 மூன்றிலும் நடந்தது இதுதான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டு மேட்டூர் ஜூன் 12இல் திறக்கப்படவே இல்லை. பெரியப்பா குறுவை போடுவதையே மறந்திருந்தார்.

மாதவாரிக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், நம்ம பழக்கம் போகாது. ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. ஜூன் மாதத்துக்கு 9.19 டி.எம்.சி. என்றால் மாதம் முழுக்க ஏறக்குறைய 3,545 கன அடி. ஆகஸ்டில் 45.95, அதாவது 17,156 கன அடி. 2023இல் மேலாண்மை ஆணையம் உத்தரவிட்ட 5,000 கன அடியைப் பதினைந்து நாளைக்குப் பெருக்கினால் ஆறரை டி.எம்.சி. கூட வராது. அந்த ஆறரைக்குத்தான் பெங்களூரில் பந்த், தஞ்சாவூரில் மறியல். உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 21இல் அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. அக்டோபர் 10இல் மேட்டூர் மூடப்பட்டது.

நியாயம் என்கிற சொல்லைக் கன அடியாக மாற்றுவது யார், அளப்பது யார் என்பதுதான் எனக்கு இந்த வழக்கு முழுக்க முக்கியமாகப் பட்டது. தன் வழக்கில் தானே நீதிபதி ஆகக் கூடாது என்றால், தன் வழக்கில் தானே அளவுகோல் பிடிக்கவும் கூடாது. பிலிகுண்டுலுவில் அளப்பது கர்நாடகமும் அல்ல, தமிழ்நாடும் அல்ல. மத்திய நீர் ஆணையத்தின் நிலையம். ஒரு பணியாளர் ஆற்றங்கரையில் நீர்மட்டம் படித்து, ஓட்டத்தை அளந்து, எண்ணை அனுப்புகிறார். அந்த எண்ணை இரு மாநிலமும் மறுக்க முடிவதில்லை. மறுத்தாலும் அந்த எண்ணை வைத்துத்தான் மறுக்க வேண்டும். 1991இல் கோட்பாடு ஜெயித்தும் தண்ணீர் ஏன் ஒழுங்காக வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தீர்ப்பு இருந்தது, அதை நாள்தோறும் நடத்துகிற கை இல்லை. 1998இல் பிரதமர் தலைமையில் ஒரு காவிரி ஆணையம் வந்தது. முதலமைச்சர்கள் உட்கார்ந்து பேசுகிற இடம். பேச்சு நடந்தது. இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தும் அரசிதழில் ஏறியது 2013 பிப்ரவரி 19இல். 2018 ஜூன் 1இல் அறிவிக்கப்பட்ட மேலாண்மை ஆணையமும் அதன் ஒழுங்காற்றுக் குழுவும் பொறியாளர்கள் மேஜையில் புள்ளிவிவரத்தோடு உட்காரும் ஏற்பாடு. குறை இருக்கிறது. பற்றாக்குறை ஆண்டுக்கு மாதவாரிச் சூத்திரம் இன்னும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக இல்லை. என்னைக் கேட்டால் அடுத்த வழக்கைவிட அந்தச் சூத்திரம் அவசரம். மழை, நான்கு நீர்த்தேக்கங்களின் வரத்து, தேதி, இவ்வளவுதான் வேண்டும். இதைச் செய்யக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் இரு மாநிலத்திலிருந்தும் இருக்கிறீர்கள். தேர்தல் இல்லாத, வறட்சியும் இல்லாத ஓர் ஆண்டில் உட்கார்ந்தால் முடியும்.

2018இல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பிப்ரவரியில் 14.75 குறைந்தது என்று கவலைப்பட்டோம். ஆகஸ்டில் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்கு வெள்ளம் வந்து, 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து ஷட்டர்கள் ஒன்பது அடித்துப் போயின. ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிய வேலை அது. கொள்ளிடம் பள்ளமாகவும் சரிவாகவும் இருப்பதால் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடிக் காவிரி மணல் மேடாகிக்கொண்டிருந்தது. அதைத் தடுத்துப் பிரித்துக் கொடுக்கத்தான் அந்த அணை. ஸ்ரீரங்கம் தீவின் தலையில் ஒரு பங்கீடு, வாலில் கல்லணையில் இன்னொரு பங்கீடு. இரண்டுக்கும் நடுவில்தான் அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக்கு நாம் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய் உட்காருகிறோம்.

செயலாளர் கையைக் காட்டுகிறார், சாப்பாடு ஆறுகிறது போலிருக்கிறது. நாளைக் காலை குடும்பத்தோடு முக்கொம்பு போகும் பஸ் ஏழு மணிக்கு விடுதி வாசலிலிருந்து கிளம்புகிறது. நானும் வருகிறேன். புதிய கதவணையையும், அங்கே தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்பதையும் பார்க்க விரும்புகிற பிள்ளைகளை என்னோடு அனுப்புங்கள். கேள்வி இருப்பவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள்.